தடியும் தடயமும்

2024-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியிலிருந்து நமது நாட்டில் மூன்று புதிய குற்றச் சட்டங்கள் அமுலில் இருந்து வருகின்றன. அவற்றின் பெயர்களைத் தடுமாறாமல் உச்சரிப்பதற்கே நமது வக்கீல் நண்பர்களில் பலர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் எப்படியேனும் ஆகுக. அவற்றுள் ஒன்றாகிய பாரதீய நாகரிக் சுரக்ஷா சங்ஹிதையின் 176-வது பிரிவில் மூன்றாவது உட்பிரிவாக ஒரு விதி காணப்படுகிறது. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால், ஸ்டேஷன் அதிகாரி தடய அறிவியல் நிபுணர் ஒருவரைக் குற்றம் நடந்த இடத்துக்கு வரவழைத்துத் தடயங்களைச் சேகரிக்கச் செய்ய வேண்டும். அந்த நடவடிக்கையைப் படம் பிடிக்கவும் வேண்டும். இவ்விதி தத்தம் எல்லைக்குள் எந்தத் தேதி முதல் நடைமுறைக்கு வரும் என்பதை அறிவிக்க மாநில சர்க்கார்களுக்கு ஐந்து வருஷ அவகாசமும் தரப்பட்டிருக்கிறது.

விதியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. ஜில்லாத் தலைநகரிலிருந்து நிபுணர் வந்து சேரும் வரையில் அந்த இடத்தில் நிற்பவர்கள் யார்? ஒரு ஹெட் கான்ஸ்டபிள், இரண்டு கான்ஸ்டபிள்கள், இறந்தவரின் உறவினர், வேடிக்கை பார்க்க வந்த ஊரார். ரத்தத்தின்மேல் நடந்து போகிறவரும், கிடக்கும் கத்தியை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கிறவரும், அங்கிருக்கும் செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறவரும் இவர்களே. நிபுணர் தமது பெட்டியுடன் வந்து இறங்கும்போது அவர் காண்பது குற்றம் நடந்த இடத்தையன்று. அதன்மேல் கூடிக் கலைந்த திருவிழாவின் மிச்சத்தையே. ஆகவே, இச்சட்டம் பயன் தருவதும் தராமற்போவதும் முதலில் போய்ச் சேரும் அந்த ஹெட் கான்ஸ்டபிளின் கைப்பழக்கத்தைப் பொறுத்திருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். அந்தக் கைக்குப் பயிற்சி எங்கே என்பதே இன்று நாம் கேட்பது.

இது போலீஸ் இலாகாவின் உள்விவகாரம் என்று தேச ஊழியர்கள் ஒதுக்கிவிடலாகாது. தடயத்தைத் தேடத் தெரியாத போலீஸ்காரர் வழக்கை எப்படி முடிக்கிறார் என்பதை நமது சென்னையின் பழைய சரித்திரமே சொல்லும்.

சென்னை ராஜதானியில் ரஸாயனப் பரிசோதகரின் ஆராய்ச்சிசாலை 1849-ம் வருஷத்திலேயே ஏற்பட்டுவிட்டது. இந்தியாவில் அத்தகைய சாலைகளுள் இதுவே முதலாவது. கல்கத்தாவுக்கும் ஆக்ராவுக்கும் பம்பாய்க்கும் அது பின்னரே வந்தது. விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டவரின் வயிற்றிலிருந்து விஷத்தைப் பிரித்தெடுத்துக் காட்டும் வித்தை அவ்வளவு முன்னதாகவே நம்மிடம் இருந்தது. ஆனால் அதே சென்னையில், ஆறே வருஷங்களுக்குப் பின், 1855-ல், வேறொரு அறிக்கை வெளிவந்தது. சித்திரவதைப் புகார்களை விசாரிக்க நியமிக்கப்பட்ட கமிஷனின் அறிக்கை அது. நிலவரியை வசூலிப்பதற்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும், கும்பினியின் சிப்பந்திகள் குடிகளைச் சித்திரவதை செய்து வந்தது அதில் பதிவாயிற்று. இரண்டு கட்டைகளின் நடுவே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டியின் பெயர் அந்த இங்கிலீஷ் அறிக்கையில் தமிழ்ச் சொல்லாகவே இடம் பெற்றது. ஒரே ஊரில் ஒரு புறம் ஆராய்ச்சிசாலை, மறுபுறம் கிட்டி! குடியானவன் அறிந்திருந்தது கிட்டியைத்தான்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று 1872-ம் வருஷத்திய சாக்ஷியச் சட்டத்தின் 25-வது பிரிவு விதித்தது. இன்றைய புதிய சட்டத்திலும் 23-வது பிரிவாக அவ்விதி நிலைத்திருக்கிறது. தன் போலீஸையே நம்பாமல் ஒரு சர்க்கார் செய்துகொண்ட சட்டம் இது. அச்சட்டத்தை வகுத்த ஸ்டீபன் என்னும் வெள்ளைக்கார சட்ட நிபுணர், சித்திரவதைக்குக் காரணம் கொடூரத்தைவிடச் சோம்பல்தான் என்று இந்தியாவில் ஓர் அதிகாரி தம்மிடம் கூறியதைத் தமது நூலில் குறித்து வைத்திருக்கிறார். அலைந்து திரிந்து ஆதாரம் தேடுவதைவிட, அகப்பட்டவனை உட்கார வைத்து வதைப்பது சுலபம் என்பது அதன் கருத்து. இந்தச் சோம்பலுக்கு அதே சட்டம் ஒரு சிறு கதவையும் திறந்து வைத்தது. கைதி சொன்னதன்பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைப் பற்றிய அளவில் அவன் சொல் செல்லும். நமது கோர்ட்டுகளில் உட்கார்ந்தவர்கள் யாவரும் அறிந்த காட்சி இது: முட்புதரிலிருந்து ஒரு அரிவாள் எடுக்கப்படும், கிராம நிர்வாக அதிகாரியும் தலையாரியும் மகஜரில் கையெழுத்திடுவார்கள். எத்தனை வழக்குகள் வந்தாலும் அதே முட்புதர், அதே அரிவாள்!

தேடும் வித்தையை அறிவதற்கு நூல் இல்லாமற் போயிற்றா என்றால், அதுவும் இல்லை. ஆஸ்திரியா தேசத்தில் மாஜிஸ்திரேட்டாயிருந்து பின்னர் ஆசிரியரான ஹான்ஸ் கிராஸ் என்பவர் 1893-ல் எழுதிய ஜெர்மன் கிரந்தமே இத்துறைக்கு ஆதி நூல். அதை இந்திய நிலைமைக்குத் தக்கவாறு இங்கிலீஷில் பெயர்த்து முதலில் அச்சிட்ட ஊர் எது தெரியுமா? லண்டனன்று. 1906-ல் சென்னையில்தான் அது வெளிவந்தது. மொழிபெயர்த்த ஆதாம் என்ற இருவரும் சென்னையில் சட்டத் தொழில் புரிந்தவர்கள். இரத்தக் கறையை எப்படிப் பாதுகாப்பது, காலடிச் சுவட்டை எப்படி வார்த்தெடுப்பது என்பனவெல்லாம் நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பே நமது ஊரில் விலைக்குக் கிடைத்தன.

வங்காளத்துச் செய்தியும் இங்கே சொல்லத் தக்கது. 1897-ல் கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் திறக்கப்பட்டது. லட்சக்கணக்கான ரேகைகளை வகைப்படுத்தி, வேண்டியதைச் சில நிமிஷங்களில் தேடி எடுக்கும் முறையைக் கணக்கிட்டுக் கொடுத்தவர்கள் அஜீஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரண்டு இந்திய சப்-இன்ஸ்பெக்டர்கள். முறைக்கு மேலதிகாரி ஹென்றியின் பெயர் வாய்த்தது. அக்காலத்து வழக்கம் அது. ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மானேஜர் கொலையுண்டபோது, அவர் பெட்டியிலிருந்த பஞ்சாங்கத்தில் மங்கலான இரண்டு கறைகள் காணப்பட்டன. அவற்றுள் ஒன்று வலது கட்டைவிரல் ரேகை. முன்பு திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு பழைய வேலைக்காரனுடையது அது என்று நிலையத்தின் ஏடுகள் காட்டின. கோர்ட்டு அவனைத் திருட்டுக்குத் தண்டித்தது. கொலைக் குற்றத்துக்கு அந்தச் சாக்ஷியம் போதாது என்று விட்டது. ரேகையைக் கண்டுபிடித்ததைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதில் உண்டு. அந்தப் பஞ்சாங்கத்தை யாரோ ஒருவர் துடைத்து வைக்காமல், புரட்டிப் பார்க்காமல், கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவர் பெயரைச் சரித்திரம் குறிக்கவில்லை.

அந்தப் பெயரில்லாத கைதான் இன்று நமக்கு வேண்டியிருக்கிறது. தேனி ஜில்லா சுருளி அருவிப் பக்கத்தில் 2011-ல் ஒரு வாலிபரும் இளம் பெண்ணும் கொலை செய்யப்பட்டார்கள். ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அதை ஊர்ஜிதம் செய்தது. 2025-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. இறந்த பெண்ணின் உடலிலிருந்து எடுத்த மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, ஏன் அத்தனை தாமதமாயிற்று என்பதைப் போலீஸ் தரப்பு விளக்க முடியவில்லை. டி.என்.ஏ. என்னும் பரம்பரை அணுக்கூறுச் சோதனை எவ்வளவு திட்டமானதாயிருந்தும், சோதனைக்குப் போன பொருள்மேல் நம்பிக்கை இல்லாதபோது அதனால் என்ன பயன்? மாதிரி எடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆராய்ச்சிசாலைக்குப் போய்ச் சேர வேண்டும். கை மாறிய ஒவ்வொரு தடவையும் ஒரு பதிவேட்டில் எழுதி, அதை வழக்குக் கட்டுடன் சேர்க்க வேண்டும். கோர்ட்டின் அனுமதியின்றி முத்திரையைப் பிரிக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பிலேயே தேசம் முழுமைக்கும் கட்டளையிட்டது.

இத்தீர்ப்பின் பலன் என்ன என்று எண்ணிப் பாருங்கள். விடுதலையானவர் குற்றமற்றவராயின், அவர் தூக்கு மேடையின் நிழலில் பல வருஷங்கள் கழித்தார். வேறொருவன் குற்றவாளியாயின், அவன் எங்கோ சுகமாயிருக்கிறான். இரண்டு குடும்பங்களுக்கு யார் என்ற விடை இன்னும் கிடைக்கவில்லை. சட்டம் தெரியாததாலன்று, சாஸ்திரம் வளராததாலன்று, ஒரு சிறு பொட்டலத்தை எப்படிக் கையாள்வது என்ற பழக்கம் இல்லாததால் இது நேர்ந்தது.

2008-ல் டில்லிக்கு அருகில் நொய்டாவில் ஒரு பள்ளிச் சிறுமி தன் அறையில் கொலையுண்டு கிடந்தாள். வீடு முழுவதும் கூட்டம் நடமாடிற்று. மாடிக் கதவு பூட்டியிருந்தது. பூட்டை உடைத்துப் பார்க்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காணாமற்போன வேலைக்காரனே கொலையாளி என்று போலீஸார் அறிவித்துவிட்டனர். மறுநாள் அந்த வேலைக்காரனின் பிரேதமே மாடியில் கிடப்பது கண்டுபிடிக்கப்பட்டது! ஒன்பது வருஷங்கள் கழிந்து அந்த வழக்கில் அலகாபாத் ஹைகோர்ட்டு தண்டனையை ரத்துச் செய்தது. மத்திய புலனாய்வு ஸ்தாபனத்தின் இரண்டு குழுக்கள் விசாரித்தும் அந்த முதல் நாளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

நிற்க. நமது மாநிலத்துக்கு இவ்வித்தை கைவராது என்று எவரும் சொல்ல இடமில்லை. 1991-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று பொருத்தி, வெடிகுண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்று நிறுவியவர் தமிழ்நாடு தடய அறிவியல் இலாகாவின் தலைவராயிருந்த பேராசிரியர் சந்திரசேகரன். அந்த இடத்திலேயே இறந்து கிடந்த ஒரு புகைப்படக்காரரின் காமிரா சேதமில்லாமல் கைப்பற்றப்பட்டதால்தான் சதியின் நூல் அகப்பட்டது. தலைவர் இறந்தால் இவ்வளவு கவனம். தேனியில் இரண்டு சாமானியர் இறந்தால் பொட்டலம் எங்கே போயிற்றென்று தெரியாத நிலை. இந்த வித்தியாசம் ஒரு ஜனநாயகத்துக்கு அழகன்று.

இனி, பயிற்சி என்று நாம் சொல்வது யாது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கான்ஸ்டபிள்களை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, திரையில் படங்களைக் காட்டி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதை நாம் பயிற்சி என்று ஒப்ப மாட்டோம். ரேகை எடுக்கும் தூரிகையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தம்ளரின்மேல் பொடியைத் தூவித் தூரிகையை மெல்லச் சுழற்ற வேண்டும். சற்று அழுத்தினால் ரேகையே அழிந்துவிடும். பொடி அதிகமானால் கோடுகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். எவ்வளவு மெல்ல என்பதை எந்த உபந்யாசகரும் சொல்லிக் காட்ட முடியாது. ஐம்பது தம்ளர்களைக் கெடுத்த பின் ஐம்பத்தோராவது தம்ளரில் கைக்கே அது விளங்கும். காகிதத்திலுள்ள ரேகைக்குப் பொடி போதாது. வியர்வையிலுள்ள பொருளோடு சேர்ந்து ஊதா நிறம் காட்டும் மருந்து வேண்டும். பிளாஸ்டிக் பையில் பதிந்ததற்குப் பசை மருந்தின் ஆவி வேண்டும். எதற்கு எது என்று தெரியாமல் எல்லாவற்றின்மேலும் பொடியைக் கொட்டுகிறவர், நிபுணருக்கு மிச்சம் வைப்பதில்லை.

காலடிச் சுவடும் அப்படியே. முதலில் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, காமிராவை நேர் மேலே பிடித்துப் படமெடுக்க வேண்டும். பிறகு சாந்தைக் கரைத்துச் சுவட்டின் ஓரத்திலிருந்து மெதுவாக ஓடவிட வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் செருப்பின் தேய்மானம் முழுவதும் கரைந்து போம். ரத்தம் தோய்ந்த சேலையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணித்து முத்திரை வைப்பது சாதாரணமாக நடக்கிறது. உள்ளே புழுக்கத்தில் பூஞ்சைக் காளான் பிடித்து, டி.என்.ஏ. கெட்டுவிடுகிறது. நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வைத்தால் போதும். அதற்குப் பெரிய யந்திரம் வேண்டாம். காலணாக் காகிதமும், ஒரு பொருளைத் தொட்டபின் கையுறையை மாற்றிக்கொண்டு அடுத்ததைத் தொடும் பழக்கமும் போதும். விஷச் சாவுகளில் வயிற்றுறுப்புகளை உப்புக் கரைசலில் இடும்போது அந்த உப்பிலும் ஒரு சிட்டிகை தனியே அனுப்ப வேண்டும். இல்லாவிடில் விஷம் உப்பில் இருந்ததென்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிக்க இடமுண்டு. அப்படி வாதிப்பது அவர் கடமையும் ஆகும். இக்காலத்தில் கைப்பற்றப்படும் கைபேசியோ இன்னும் தொல்லை பிடித்த பொருள். தொடர்பைத் துண்டிக்காமல் வைத்தால், தூரத்திலிருக்கும் கூட்டாளி அதிலுள்ளதை அழித்துவிட முடியும்.

இவற்றைப் பழகுவதற்குப் போலிக் குற்ற இடங்கள் வேண்டும். அமெரிக்காவில் பிரான்ஸிஸ் கிளெஸ்னர் லீ என்னும் சீமாட்டி இதற்கு ஒரு விசித்திர வழி கண்டார். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் பொம்மை வீடுகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு மர்மச் சாவை அமைத்தார். விளக்குகள் எரியும், பூட்டுகள் பூட்டும், பொம்மையின் காலுறைகளைக் குண்டூசிகளால் பின்னினார். பிரேதத்தின் நிறம்கூட இறந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் காட்டும். 1945-ல் ஹார்வர்டில் அவர் தொடங்கிய வகுப்புகளில் போலீஸ் உத்தியோகஸ்தர்களுக்குக் குறிப்பிட்ட நேரம் கொடுத்து, அந்தச் சிறு வீட்டைக் கண்ணாலேயே சோதிக்கச் சொன்னார். அவற்றுள் பதினெட்டு இன்னும் பால்டிமோர் நகரில் இருக்கின்றன. பணக்காரச் சீமாட்டியின் பொழுதுபோக்கு என்று சிரித்தவர்களும் இருந்திருக்கலாம். நமக்குப் பொம்மை வீடுகூட வேண்டாம். ஒவ்வொரு சப்-டிவிஷனிலும் பாழாய்க் கிடக்கும் ஒரு சர்க்கார் குவார்ட்டர்ஸை ஒழித்துக் கொடுத்தால் போதும். ஆட்டு ரத்தமும், உடைந்த கண்ணாடியும், ஒரு ஜோடிப் பழைய செருப்பும் வாங்க எந்தப் பட்ஜெட்டும் தடுமாறாது.

ஸ்டேஷன்களில் ஆள் போதாது, பந்தோபஸ்துக்கே நேரம் போதவில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். மந்திரிகள் வரும் வழியெல்லாம் வெயிலில் நிற்கும் கான்ஸ்டபிள்களைக் கண்டால் நமக்கும் இரக்கமாகவே இருக்கிறது. அந்த நாட்களில் வருஷத்துக்கு ஐந்து நாட்களைக் குறைத்து இதற்கு ஒதுக்கலாம் என்பதே நமது யோசனை.

சாஸ்திரம் போலீஸாரின் கையில் இன்னொரு தடியாகிவிடாதா என்று சந்தேகிக்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் சந்தேகம் வீணானதன்று. மயக்க மருந்து ஏற்றிக் கைதியின் வாயைத் திறக்கும் வித்தையைச் சாஸ்திரம் என்று சொல்லிச் சில காலம் நடத்தினார்கள். அது பழைய வாக்குமூலத்தின் மாறுவேஷமே. சம்மதமின்றி அதைச் செய்யலாகாது என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. மற்றொரு விஷயம் இன்னும் நுட்பமானது. 2004-ல் மாட்ரிட் ரயில் வெடிகுண்டு வழக்கில், அமெரிக்காவின் புகழ் பெற்ற எப்.பி.ஐ. நிபுணர்கள், ஒரு பையிலிருந்த விரல் ரேகை ஆரிகன் மாகாணத்து வக்கீல் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று உறுதி கூறினர். இரண்டு வாரங்கள் அவரைக் காவலில் வைத்தனர். ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸார் காட்டிய பின் விடுதலை செய்தனர். மன்னிப்புக் கேட்டு இருபது லட்சம் டாலர் நஷ்டஈடும் கொடுத்தனர். ரோமத்தை ஒப்பிட்டு அதே ஸ்தாபனத்து நிபுணர்கள் கூறிய சாக்ஷியம் பழைய வழக்குகளில் பெரும்பாலும் பிழைபட்டிருந்ததை அந்த ஸ்தாபனமே 2015-ல் ஒப்புக்கொண்டது.

ஆகையால் பயிற்சி போலீஸாருக்கு மட்டும் போதாது. நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலும், அவர் சொல்லை எடைபோடும் ஜட்ஜும் ஒரு முறையேனும் தம் கையால் இரண்டு ரேகைகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு மங்கலான ரேகையில் எவ்வளவு ஊகம் கலந்திருக்கிறது என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். நமது வக்கீல்களில் பெரும்பாலோர் ஆராய்ச்சிசாலை அறிக்கை என்றதும் கும்பிட்டு விடுகிறார்கள். அல்லது படிக்காமலே ஆட்சேபிக்கிறார்கள். இரண்டாலும் கட்சிக்காரனுக்குப் பயனில்லை.

ஒழுங்காகக் கையாளப்பட்ட தடயம் முதலில் யாருக்குத் துணை நின்றது என்பதை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துப் பேராசிரியர் அலெக் ஜெப்ரீஸ் 1984-ல் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டார். 1986-ல் இரண்டு சிறுமிகள் கொலையுண்ட விவகாரத்தில் போலீஸார் அவரிடம் வந்தபோது, பதினேழு வயதுப் பையன் ஒருவன் அவற்றுள் ஒரு கொலையை ஒப்புக்கொண்டு சிறையிலிருந்தான். இரண்டையும் செய்தவன் ஒருவனே, அவன் இந்தப் பையனல்லன் என்று சோதனை காட்டிற்று. பையன் விடுதலையானான். உண்மைக் குற்றவாளி மறு வருஷம் பிடிபட்டு, 1988-ல் ஆயுள் தண்டனை பெற்றான். நம் நாட்டில் ஹைதராபாத் விஞ்ஞானி லால்ஜி சிங் இம்முறையைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார். கேரளத்துத் தலைச்சேரியில் தகப்பன் யார் என்ற தகராறு அதனால் தீர்ந்தது.

கற்பிக்கும் ஸ்தாபனங்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. டில்லியில் 1972 முதல் ஒன்று உண்டு. குஜராத்தில் 2008-ல் ஏற்பட்ட சர்வகலாசாலை 2020-ல் பார்லிமெண்டுச் சட்டத்தால் தேசீய சர்வகலாசாலையாயிற்று. பட்டதாரிகள் அங்கே தயாராகட்டும். ஹெட் கான்ஸ்டபிள் காந்திநகருக்குப் போக முடியாது. பயிற்சிதான் அவரிடம் வர வேண்டும், அதுவும் தமிழில்.

சட்டசபையில் போலீஸ் மான்யக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, எக்கட்சியினராயினும் அங்கத்தினர் சிலர் கீழ்க்கண்டவற்றைக் கேட்க முன்வருவாராக: சென்ற வருஷத்தில் தம் கையால் ஒரு விரல் ரேகையை எடுத்துப் பழகிய கான்ஸ்டபிள்கள் ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பேர்? காகிதப் பையும் கையுறையும் கையிருப்பில் உள்ள ஸ்டேஷன்கள் எத்தனை? சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்ட பதிவேடு எத்தனை ஸ்டேஷன்களில் திறக்கப்பட்டிருக்கிறது? நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆராய்ச்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிகள் எத்தனை, சேராதவை எத்தனை? மந்திரியார் கூறும் பதிலை, ஜில்லாவாரியாக, இந்தப் பக்கத்திலேயே முழுவதும் வெளியிடுவோம்.